வைக்கற் பட்டடையும் பிடியரிசியும்

1806ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து மாலைப் பொழுதொன்றில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் மாணவர் ஐவர் வெளியொன்றிலே கூடிச் செபம் செய்துகொண்டிருந்தனர். திடீரென இடியும் மின்னலும் கிளம்பின. ஒதுங்க வேறிடமின்மையால், உலர்புல்லைக் குவித்து வைத்திருந்த போர் ஒன்றின் அருகே ஒண்டிக்கொண்டனர். நம்மூர் வழக்கிற் சொன்னால் அஃது ஒரு வைக்கற் பட்டடை. அதன் நிழலில் இருந்தவாறே, ஆசியாக் கண்டத்து மக்களிடம் தம் சமயத்தைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவ்வைவரும் பேசி முடிவு செய்தனர். நான்கு ஆண்டுகளின் பின், 1810இல், அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றியது. அதன் மூலக் கதையாக இந்த வைக்கற் பட்டடைச் செபக் கூட்டத்தையே அந்நாட்டுத் திருச்சபையார் இன்றும் நினைவுகூருகின்றனர்.

அந்த ஐவருள் ஒருவர் பெயர் ஜேம்ஸ் றிச்சேட்ஸ். அவர் 1815 ஒக்டோபரில் டானியல் பூவர், பெஞ்சமின் மெயிக்ஸ், எட்வேட் வாரன் ஆகியோருடன் கப்பலேறி, 1816 மார்ச்சிற் கொழும்பை அடைந்து, தேசாதிபதி பிறவுண்றிக்கின் அனுமதியுடன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பறங்கியர், ஒல்லாந்தர் காலத்துக் கோவில்கள் கூரையிழந்து பாழடைந்து கிடந்தன. அவற்றைத் திருத்தி அங்கே இவர்கள் குடியமர்ந்தனர். றிச்சேட்ஸ் நோயாளியாகவே வாழ்ந்து 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். அமெரிக்க வைக்கற் பட்டடையிற் பிறந்த எண்ணம் ஒன்று நமது செம்மண்ணில் இவ்வாறு வந்து விழுந்தது.

வைக்கற் பட்டடை நாய் என்றொரு பழமொழி நம்மவரிடையே உண்டு. அது தானும் தின்னாது. மாட்டையும் தின்ன விடாது. அப்பழமொழியை எண்ணி நாம் இக்கதையைத் தொடங்கவில்லை. ஆயினும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வாசகர்க்கு அது நினைவுக்கு வரின் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

விளைந்த வயலை மனிதகுலத்துக்கும், அரிவாள் ஏந்தியவரைச் சமயத் தொண்டர்க்கும் ஒப்பிட்டுப் பேசுவது கிறிஸ்தவ வேதத்திற் பயின்றுவரும் உவமை. விளைச்சல் பெரிது, வேலையாட்கள் போதவில்லை என்று இயேசுநாதர் தம் சீடர்க்குச் சொன்னதாக மத்தேயு எழுதிய சுவிசேஷம் கூறும். விதைப்பவன் கதையும், களைகளையும் கதிரையும் ஒருங்கே வளரவிட்ட கமக்காரன் கதையும் அதே நூலில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷனரிமாருக்கு இவ்வுவமை உயிர் மூச்சாகவே இருந்தது. பாடசாலை வைத்தல் விதைத்தல். ஞானஸ்நானம் கொடுத்தல் அறுத்தல். முதலில் மதம் மாறியோர் முதற்கனிகள். தாய்நாட்டுச் சபையாரிடம் பணம் கேட்கும்போதும் இம்மொழியே பேசப்பட்டது. நியூ இங்கிலாந்தின் சபையாருட் பலர் கமக்காரர். அவர்களிடம் அறுவடையைப் பற்றிப் பேசினால் மடிச்சீலை அவிழும் என்பது அவர்களைப் பழித்துச் சொல்வதன்று. உழவர்க்கு உழவுமொழியே விளங்கும்.

மொழியைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றை இவ்விடத்திற் சொல்லிச் செல்ல விரும்புகின்றோம். தமிழ் வேதாகமம் அறுப்பு என்னும் சொல்லையே பெரிதும் ஆளுகின்றது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வாயில் வருவதோ அருவி வெட்டு. ‘அருவி வெட்டுக்குப் போகிறேன்’ என்பானேயன்றி, ‘அறுப்புக்குப் போகிறேன்’ என்று அவன் சொல்வதை நாம் கேட்டதில்லை. அறுத்தல் என்னும் சொல்லுக்குத் தாலியோடு சேர்ந்த வேறொரு பொருள் நம் வீடுகளில் உண்டாகையால், மங்கலமான வேளையில் அதனை வாயில் எடுக்கக் கூசுவோரும் உளர். பேர்சிவல் பாதிரியாரின் வேதமொழிபெயர்ப்புப் பணியில் அவருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுகநாவலர் என்பதை யாவரும் அறிவர். 1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, இலக்கணச் செம்மைக்குப் பெயர்பெற்றதாயினும், சபைகளில் நிலைபெறவில்லை. நாவலரோ வயற் சொல்லைப் புகுத்தக்கூடியவர் அல்லர். ஆகவே அருவி வெட்டு என்னும் சொல் வேதத்துக்குப் புறத்தேயே நின்றுவிட்டது. அச்சொல்லுக்கு உரியவர்களும் அவ்வாறே நின்றனர் என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்லவரும் செய்தி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் மேல் மெல்லிய செம்மண். அதன் கீழே கிணற்று நீர். தோட்டக்காரன் துலாவை நம்பினான். வயற்காரன் வானத்தை நம்பினான். ஆவணி, புரட்டாதியிற் புழுதி விதைப்பு. கார்த்திகை, மார்கழி மழை. தை, மாசியில் அருவி வெட்டு. மழை பிந்தினால் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் கருகும், மிஞ்சினால் அழுகும். நல்ல ஆண்டிலும் குடாநாட்டின் முழுத் தேவைக்கும் இவ்வயல்கள் போதியனவல்ல. பிறநாட்டு அரிசியும் சேர்ந்தே நமது உலையிற் கொதித்தது.

துலா மிதிப்பவன் விடிவதற்கு முன் அந்த நீண்ட மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பான். கீழே ஒருவன் பட்டை பிடிப்பான். மற்றொருவன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவான். வெளிநாட்டவர்க்கு அது வியப்பான காட்சி. ஆனால் அக்காட்சியில் நின்றவர்களுட் பலர், தாம் நீர் இறைத்த கிணற்றிலே தாகத்துக்கு நீர் அள்ளும் உரிமை இல்லாதவர்கள். ஊருக்கே சோறு போட்ட கிணறு, இறைத்தவன் நாவை நனைக்க மறுத்தது. இதனைக் கற்பனை என்று எவரும் தள்ளிவிட முடியாது. குடிநீர்க் கிணறுகளுக்காக நடந்த போராட்டங்கள் நமது தந்தையர் தலைமுறையின் நினைவிலுள்ளவை.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, காணி உரிமையையும் சீதனத்தையும் மட்டும் கூறும் நூலன்று. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நால்வகை அடிமைகளைக் குறித்தும் அது விதி கூறுகின்றது. அடிமை முறை இலங்கையிற் சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். அமெரிக்கப் பாதிரிமார் வந்திறங்கிய போதும், அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளாகவும், அவர்கள் கண்ட வயல்களில் அரிவாள் பிடித்தவர்களுட் கணிசமானோர் சட்டப்படியே அடிமைகள். 1844க்குப் பின் சட்டம் மாறியது, நிலம் மாறவில்லை. நிலமற்றவன் முன்னர் எவன் வளவிற் குடியிருந்தானோ அவன் வளவிலேயே பின்னரும் குடியிருந்தான். அவன் வயலையே வெட்டினான்.

நமது பழம்புலவர்கள் இவ்வுழைப்பைக் காணாதிருந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டிற் பாடிய பறாளை விநாயகர் பள்ளு, வட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சுழிபுரத்து வயல்களைப் பின்புலமாக உடையது. பள்ளனும் இரு மனைவியரும் பண்ணைக்காரனுமாக அந்நூல் நடக்கும். நெல் வகையும் மாட்டின் வகையும் அதில் அழகாக விரியும். ஆனால் பள்ளுப் பிரபந்தத்தில் உழவன் நகைப்புக்குரிய பாத்திரம். தெய்வத்தின் புகழ் புலவனுக்கு, விளைவு பண்ணைக்காரனுக்கு, தொழுவிற் கட்டுண்டு கிடப்பது பள்ளனுக்கு. புலவரின் உழவு இலக்கியமும் பாதிரியாரின் அறுப்பு உவமையும் ஒரே வயலைப் பார்த்தன. இரண்டுமே அதனைக் கரையில் நின்று பார்த்தன.

மிஷனின் ‘விதைப்பு’ விரைவாக நடந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண் பாடசாலை, இவற்றைச் சூழ எண்ணிறந்த கிராமப் பாடசாலைகள். 1824இன் தொடக்கத்திற் பாடசாலைப் பிள்ளைகளிடையே எழுப்புதல் ஒன்று உண்டாயிற்று. அடுத்த ஆண்டு தை மாதத்திற் சண்டிலிப்பாயிற் பெரும் கொட்டகை போட்டு, 41 பேரை ஒரே நாளிற் சபையிற் சேர்த்தனர். வயல்களிற் கதிர் முற்றிநின்ற மாதம் அது. மிஷனரிமாருக்கு உவமையும் உண்மையும் ஒன்றாகிவிட்டதுபோல் அன்று தோன்றியிருக்கும்.

ஆனால் செமினரியில் இடம் பெற்றோர் யாவர்? பெரும்பாலும் காணியுள்ள வேளாளக் குடும்பங்களின் பிள்ளைகள். பாதிரிமார் வளவிற் சமைத்த சோற்றைத் தொட மறுத்தவர்களும் ஆங்கிலத்துக்காக வந்தனர். அவர்களுக்காக மிஷன் விட்டுக்கொடுத்தது. ஊரின் மேலோரைப் பிடித்தால் ஊர் முழுவதும் பின்வரும் என்று மிஷனரிமார் கணக்கிட்டனர். மேலோர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் பெற்றுக்கொண்டனர். பின்னால் வந்த ஊரோ மிகச் சிறியது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த அன்டர்சன் குழுவினர் இக்கணக்கின் விளைவைக் கண்டே செமினரியை மூடுவித்தனர். தமிழுக்கு அச்செமினரி செய்த தொண்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையைத் தந்த கல்விக்கூடம் அது. 1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் பேரகராதி அம்மிஷனாரின் உழைப்பிற் பெரும்பங்கு உடையது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை, கல்வி, விஞ்ஞானம், இலக்கியம் என்பவற்றோடு கமத்தொழிலையும் சமயத்தையும் தன் நோக்கங்களாக ஒரே வரிசையில் அறிவித்தது. கமத்தொழிலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாம் என்று அக்காலத்துத் தமிழனுக்கு எவரும் சொல்லியிராத செய்தி அது.

வெஸ்லியன் மிஷனார் ஒருமுறை துணிந்தனர். 1847இல் யாழ்ப்பாண நகரிலிருந்த அவர்களது மத்திய பாடசாலையில் நளவர் குலத்துச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். மேற்சாதி மாணவர் பலர் வெளியேறினர். ஒரு சிறுவன் வாங்கிலில் அமர்ந்ததற்காக ஒரு பாடசாலை ஆட்டங்கண்டது. மறு ஆண்டில் நாவலர் மிஷனை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் காரணகாரியமாக முடிச்சுப்போடுவது நாவலருக்கு அநீதி. அவர் வெளியேறியதற்குச் சமயக் காரணங்கள் ஆழமாக இருந்தன. ஆயினும் வெளியேறிய மாணவர்க்குப் போக்கிடம் வேண்டியிருந்தது என்பதும் வரலாறே.

அதே 1847இல் மற்றொன்றும் நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தமக்கென ஒரு சுதேச சுவிசேஷ சங்கத்தை அமைத்துக்கொண்டனர். தீவுப்பகுதிகளுக்குத் தம் செலவிலே ஊழியரை அனுப்புவது அதன் நோக்கம். அமெரிக்கப் பணத்தை எதிர்பாராமல் யாழ்ப்பாணத்தான் தன் கையால் நடத்திய முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் கமக்காரன் வீட்டிற் பணம் ஏது? இருந்தது நெல், இருந்தது தேங்காய், இருந்தது பனை. ஆகவே பிடியரிசி என்னும் முறை வேரூன்றியது.

பிடியரிசியின் இயல்பை இன்றைய மாணவர்க்குச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். உலையில் இடுவதற்கு அரிசி அளக்கும் பெண், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு முட்டியில் இடுவாள். புதிதாக ஒன்றும் சேர்க்கப்படுவதில்லை. உண்ணும் சோற்றிற் சிறிது குறையும். கிழமை முடிவில் அல்லது மாத முடிவில் அம்முட்டி கோவிலுக்குப் போகும், அரிசி விற்கப்படும், அப்பணம் ஊழியத்துக்கு ஆகும். அவ்வாறே வளவிலுள்ள தென்னைகளுள் ஒன்றைக் கடவுளுக்கென்று குறித்துவிட்டு, அதன் காய்களை மட்டும் தனியே விற்றுக் காணிக்கை செலுத்துவோரும் இருந்தனர். ஆண்கள் கூடித் தீர்மானம் எழுதிய சங்கத்துக்கு உண்மையான முதல் வைத்தவர்கள் அடுப்படியில் நின்ற பெண்களே. பெட்டகத்தின் திறப்பு அவர்களிடம் இருக்கவில்லை. காணி உறுதி அவர்கள் பெயரில் இருந்தாலும் ஆட்சி அவர்களிடம் இருக்கவில்லை. அரிசி அளக்கும் கொத்து ஒன்றே அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டது. அந்த ஆட்சிக்குள் நின்றே அவர்கள் கொடுத்தனர். மிஷன் வரலாற்று நூல்களில் ஊழியருக்குப் பெயர் உண்டு, சங்கத் தலைவருக்குப் பெயர் உண்டு, முட்டிக்குப் பெயரில்லை.

இதே பிடியரிசி சைவரின் கைக்கும் உரியது. கோவில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் பிடியரிசி எடுப்பது நெடுநாளைய வழக்கம். நாவலர் வழிவந்த சைவப் பாடசாலைகளும் அதனைத் துணைக்கொண்டன. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்துபோட் இராசரத்தினம் என்று நாடறிந்த பெரியாரின் முயற்சியால் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்தே மிஷன் பாடசாலைகளுக்குப் போட்டியாகப் பாடசாலைகளைக் கட்டியது. ஆக, ஒரே மண்ணின் நெல், ஒரே விதமான முட்டி. ஒரு தெருவில் அது தேவாலயத்துக்குப் போயிற்று, மறு தெருவிற் கோவிலுக்குப் போயிற்று. மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இரு சாராரும் ஒருவரையொருவர் கடிந்து கொண்டிருந்த காலத்தில், அவர்களின் அடுப்படிகள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. பின்னர், 1960இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, இவ்விரு சாராரின் அரிசியும் கல்லாகி எழுந்த சுவர்கள் ஒருசேர அரசுடைமையாயின.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. இந்தியாவின் வடகிழக்கே மிசோரம் மலைநாட்டில் 1910 அளவிலிருந்து திருச்சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கின்றனர். அந்நாட்டுத் திருச்சபை இன்று வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்பும் செலவில் ஒரு பெரும் பங்கு அந்தப் பிடியரிசியிலிருந்து வருகின்றது. எளிய மக்கள் எங்கும் ஒரே வழியைக் கண்டுபிடிக்கின்றனர்.

இனி, திருநாளுக்கு வருவோம். தேவாலயங்களில் நடைபெறும் அறுவடைத் திருநாள், தொன்றுதொட்டு வந்த கிறிஸ்தவ விழா என்று பலர் எண்ணுகின்றனர். இன்று நாம் காணும் வடிவம் அத்துணைப் பழமையானதன்று. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் மோர்வென்ஸ்ரோ என்னும் கடலோரக் கிராமத்துக் குரு றொபேட் ஸ்டீபன் ஹோக்கர் என்பார், 1843இல் தம் சபையாரைப் புதுக்கோதுமை அப்பத்தோடு நற்கருணைக்கு அழைத்தார். அதிலிருந்தே இவ்வழக்கம் பரவிற்று. அமெரிக்கரிடமோ நன்றியறிதல் நாள் முன்னமே இருந்தது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதனை நாடு முழுவதற்கும் உரியதாக்கினார். இவ்விரு வழக்கங்களும் கப்பலேறி நம்மிடம் வந்தன.

வந்தபோது இங்கே வயல் விழா இல்லாமலா இருந்தது? தைப்பொங்கல் இருந்தது. புதிர் எடுத்தல் இருந்தது. தைப்பூசத்துக்கு முதல்நாள் மறவன்புலவிலுள்ள கோவில் வயலிற் புதிர் நெல்லை அறுத்து நல்லூர்க் கந்தன் கோவிலுக்குக் கொண்டுவரும் வழக்கம் இன்றும் உள்ளது. புதுநெல்லை உண்ணுமுன் தெய்வத்துக்குப் படைத்தல் என்னும் எண்ணம், யூதரின் பழைய ஏற்பாட்டிற் கூறப்படும் முதற்கனிக் காணிக்கையிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு முழம் கூட இல்லை. ஆயினும் பொங்கலைச் சூரிய வணக்கமென்று கருதிய பாதிரிமார், கிறிஸ்தவனின் முற்றத்திற் பானை ஏறக்கூடாதென்றனர். தன் முற்றத்துப் பானையை இறக்கிவிட்டு, கோண்வால் கிராமத்தின் திருநாளை எடுத்துக்கொண்ட நம் கமக்காரன், அதனைத் தன் கைவண்ணத்தால் மீண்டும் பொங்கலாக்கிவிட்டான் என்பதுதான் வேடிக்கை. பீடத்தின் இருமருங்கும் கதிர்க்கட்டு, வாழைக்குலை, கரும்பு, பூசணி, வெண்காயப் பிடி, பனங்கிழங்கு, முருங்கைக்காய். முட்டையும் உயிர்க் கோழியும் வாசற்படியில். சூரியன் மட்டும் பெயர் சொல்லப்படாமல் யன்னல் வழியே எட்டிப் பார்ப்பான். காலப்போக்கிற் சபையாரின் மனமும் மாறிற்று. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாவது வத்திக்கான் சங்கத்தின் பின் கத்தோலிக்கர் தமிழர் வழக்கங்களை வரவேற்கத் தொடங்கினர். 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துள் அமெரிக்க மிஷன் சபைகள் ஒன்றிய பின், சுதேச முறைகளுக்கு அங்கும் இடமுண்டாயிற்று. அதற்கு முன்னரே, 1939இல் மருதனார்மடத்திற் சேவக் செல்வரத்தினம் அமைத்த கிறிஸ்துசேவ ஆச்சிரமம் இத்திசையில் வழிகாட்டியது.

விளைந்த காலத்துத் திருநாள் இருக்க, விளையாத காலத்தில் நிகழ்ந்ததையும் ஒரு வரி சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை பஞ்சமும் கொள்ளைநோயும் குடாநாட்டை வாட்டின. நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். அரசாங்க ஏசண்டர் துவைனத்தின் அசட்டையை வெளிப்படையாகக் கண்டித்தார். சமயவாதியான நாவலரிடம் நாம் முரண்படுமிடங்கள் பல. கஞ்சித்தொட்டியருகே நின்ற நாவலரை வணங்குகின்றோம்.

மிஷனரிமார் தம் உவமையை எடுத்த அதே வேதத்தில் அறுவடையைப் பற்றிய வேறு பகுதிகளும் உண்டு. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் பரதேசிக்கும் உரியவை என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விதிக்கின்றது. ரூத் என்னும் நிலமற்ற பிறநாட்டு விதவை கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றிய கதை அங்கே ஒரு தனி நூலாகவே இருக்கின்றது. யாக்கோபின் நிருபமோ இன்னும் கடுமையானது: அறுத்தவர்க்குக் கொடாமற் பிடித்து வைத்த கூலி, தானே வாய்திறந்து கடவுளிடம் முறையிடுகின்றது என்னும் கருத்தை அது செல்வர் முகத்துக்கு நேரே சொல்கின்றது. மத்தேயுவின் வயலிற் கதிர்கள் மனிதர்கள். யாக்கோபின் வயலில் அறுப்பவர்கள் மனிதர்கள். யாழ்ப்பாணத்திற் சமயப் பரப்புரைக்கு உதவியது முன்னது. பின்னதைப் பிரசங்கித்தால், காணிக்காரர் நிறைந்த முன்வரிசை வாங்குகள் வெறுமையாகியிருக்கும்.

பிரசங்கிக்க முயன்றவரே இல்லை என்று சொல்வது நன்றிகேடு. 1924இற் பிறந்து பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தை நினைக்க வேண்டும். அதன் உயிர்நாடியாக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்தில் வந்தவர், ஆசிரியர். 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவ்வியக்கத்தினரே. சாதி வேறுபாட்டை அவர்கள் தீர்மானங்களில் மட்டும் எதிர்க்கவில்லை. தம் கூட்டங்களில் ஒன்றாக அமர்ந்தும் உண்டும் காட்டினர். 1930ஐ அண்டிய ஆண்டுகளில் அரசு உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தபோது குடாநாடு கொந்தளித்தது. சம ஆசனத்தை ஒழிக்கக்கோரி மனுக்கள் போயின. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்த பாடசாலைகள் சில இரவோடிரவாக எரிந்தன. நாம் முன்னே சொன்ன பழமொழிக்கு இதனினும் சிறந்த உரை கிடையாது.

அதன்பின் நடந்தவற்றை வாசகர் அறிவர். 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். 1958இற் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம். அது வாரக்குடியைப் பற்றிப் பேசியது, நாட்கூலிக்கு வெட்டுபவனுக்கு நிலம் தரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசல். அங்கே நிலத்தில் அமர்ந்து கதவு திறக்கக் கேட்டவர்களின் உறவினருட் பலர், சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் வெண்காயம் கிண்டியவர்கள்.

தெல்லிப்பழைக்குத் திரும்புவோம். றிச்சேட்ஸ் இறந்த அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கையும் 1990இல் யுத்தம் வெறுமையாக்கியது. குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண் நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டு, ஆண்டுக்கணக்காக விதையும் காணாமற் கிடந்தன. 2009இல் யுத்தம் முடிந்த பின் சிறுகச் சிறுக நிலங்கள் விடப்பட்டன. உறுதி வைத்திருந்தவன் உறுதியோடு திரும்பினான். எல்லைக் கற்களைத் தேடினான். அந்த நிலத்திற் கூலிக்கு உழைத்தும் பிறர் வளவிற் குடியிருந்தும் வந்தவன் எதைக் காட்டித் திரும்புவான்? நலன்புரி முகாம்களில் மிக நீண்டகாலம் தங்க நேர்ந்தவர்களுள் அத்தகையோர் பலர். இந்நிலையில் அறுவடை இயந்திரமும் வந்து சேர்ந்தது. பலர் பல நாள் வெட்டிய வயலை அது ஒரு பொழுதிற் சுற்றி முடிக்கின்றது. முதுகொடிந்த வேலை போயிற்று என்று மகிழவேண்டிய நாமே, அவ்வேலையைத் தவிர வேறொன்றும் கொடுக்கப்படாதவர்களை நினைத்து மகிழ முடியாமல் நிற்கின்றோம்.

வலிகாமத்துத் தேவாலயம் ஒன்றில் நடந்த அறுவடைத் திருநாளுக்கு அண்மையில் அழைப்பின் பேரிற் சென்றிருந்தோம். ஆராதனை முடிந்ததும் வெளியே மரநிழலில் ஏலம். வாழைக்குலை ஒன்றை ஒருவர் எடுத்தார்; எடுத்த கையோடு அதனைத் திரும்பவும் சபைக்கே கொடுத்தார்; மறுபடி ஏலம்; இப்படி மூன்று முறை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர் ஒருவர் ஒரு முட்டையைக் கோழி விலைக்கு எடுத்தார். சிரிப்பும் கலகலப்புமாக இருந்தது. மனம் நிறைந்து கொடுத்தார்கள், அதில் ஐயமில்லை.

மண்டபத்தின் பின்புறம், காணிக்கை அரிசி கொட்டும் கடகத்தருகே, வயது முதிர்ந்த பெண்ணொருவர் கடதாசிப் பை ஒன்றுடன் நின்றார். நாற்பது ஆண்டுக்கு மேலாக அவ்வூர் வயல்களில் அருவி வெட்டியவர் அவர். இயந்திரம் வந்தபின் வேலையில்லை. பையில் ஒரு கொத்து அரிசி அளவுக்கு இருந்தது. சங்கக்கடையில் வாங்கிய வெள்ளைப் பச்சை. ‘ஏன் ஆச்சி, இந்த ஊர் நெல்லிலே கொஞ்சம் கிடைக்கவில்லையா?’ என்று கேட்டோம்.

‘இஞ்சை நான் வெட்டினதெல்லாம் அவையின்ரை, மாஸ்ரர்,’ என்றார் அவர். ‘இது என்ரை.’

பையைக் கவிழ்த்துக் கடகத்திற் கொட்டிவிட்டு, அதனை நாலாய் மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு, ஏலம் பார்க்கப் போனார்.